ராத்திரி ஷிப்டும் ஒரு கன்சோலும்: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கொசுவத்தி

போன வாரம் ஒரு பிரிட்ஜ் கால். இங்கே டாலஸில் மதியம் இரண்டு மணி, பெங்களூரில் ராத்திரி பன்னிரண்டரை. ஏதோ ஒரு சர்வர் படுத்துவிட்டது, அது எழுந்திருக்கும்வரை எல்லாரும் லைனில் காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் மியூட்டில் போனதும் பெங்களூர் பக்கத்திலிருந்து ஒரு பையன் மெதுவாக, "சார், நீங்க தமிழா? உங்க இங்கிலீஷக் கேட்டா மதுரைப் பக்கம் மாதிரி இருக்கே" என்றான். விருதுநகர் என்றேன். அதோடு 'சார்' போய் 'அண்ணே' வந்துவிட்டது.

"அண்ணே, இந்த வி.எம்.மை எல்லாம் ஒரு காலத்துல ஒவ்வொண்ணா கையாலயே உருவாக்குவீங்களாமே, நெசமா?"

பொட்டி தட்டும் தொழிலில் இருபது வருஷம் தள்ளினால் நாமே ஒரு கல்வெட்டு ஆகிவிடுகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் சர்வர் எழுந்துவிட்டது, கால் முடிந்துவிட்டது. சொல்ல நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

பி.ஜி. ஓனரின் நோட்டு

துறையில் இல்லாத நண்பர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவிவிடலாம்.

2006-ல் மடிவாளாவில் நான் தங்கியிருந்த பி.ஜி.யில் முப்பது கட்டில்கள். வாடகை கொடுப்பவர்கள் நாற்பத்திரண்டு பேர். கணக்கு எப்படி இடிக்காமல் இருந்தது? பாதிப் பேருக்கு ராத்திரி ஷிப்ட். காலையில் ஒருவன் எழுந்து போனதும் அதே கட்டிலில் இன்னொருவன் வந்து விழுவான். ஆனால் ஒவ்வொருவனும் ஊருக்குப் போன் போட்டு, தனக்கென்று தனிக் கட்டில் இருப்பதாகத்தான் அம்மாவிடம் சொல்லுவான். யாருக்கு எந்தக் கட்டில், எத்தனை மணிக்கு, அட்வான்ஸ் எவ்வளவு என்பதெல்லாம் ஓனரிடம் இருந்த நீளமான ஒரு நோட்டில் மட்டும்தான் இருக்கும்.

விர்ச்சுவலைசேஷன் என்பது இதேதான். ஒரு நிஜ சர்வரின் மேல் பத்து, இருபது 'போலி' சர்வர்கள் ஓடும். ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் விண்டோஸோ லினக்ஸோ, மொத்த இயந்திரமும் தனக்கே என்று நினைத்துக்கொண்டிருக்கும். இந்தப் போலி சர்வருக்குப் பெயர் விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக வி.எம். கட்டிலைப் பங்கு போடும் ஓனர் ஹைப்பர்வைசர். அவருடைய நோட்டுதான் மேலாண்மை மென்பொருள், அதாவது நாங்கள் நாள் முழுக்க முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் கன்சோல். ஓனர் தூங்கினாலும் அந்த நோட்டே தானாக ஆளைச் சேர்த்து, சாவி கொடுத்து, வாடகை வாங்கி, காலி செய்தவன் பெட்டியை வெளியில் வைத்தால் அதற்குப் பெயர் ஆர்க்கெஸ்ட்ரேஷன். மெல்லிசைக் குழு எதுவும் இல்லை. கல்யாண வீட்டில் பந்தல்காரர், சமையல்காரர், மேளக்காரர் எல்லாரையும் நேரம் தவறாமல் முடுக்கிவிடும் ஒரு சித்தப்பா இருப்பாரே, அவருடைய வேலை.

நான் சொல்ல வருவது இந்த நோட்டின் கதை. நோட்டு யார் கையில் இருக்கிறது, நோட்டில் ஏறாமல் விட்டுப்போனது எது என்பதில்தான் பல பேருடைய பிழைப்பு, என்னுடையதும் சேர்த்து, தொங்கிக்கொண்டிருந்தது.

தொடக்கம்: பெரிய பெட்டிகளின் காலம்

நிறையப் பேர் இதை விஎம்வேர் கண்டுபிடித்தது என்று நினைக்கிறார்கள். இல்லை. 1960-களின் நடுவில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் ராபர்ட் கிரீஸியும் அவர் சகாக்களும் சிபி-40 என்ற ஒன்றைச் செய்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு கம்ப்யூட்டர் என்றால் ஒரு கல்யாண மண்டபம் அளவு, விலையும் அதற்குத் தகுந்தபடி. ஒரே ஒருவர் உட்கார்ந்து பயன்படுத்தக் கட்டுப்படியாகாது. அதனால் ஒவ்வொரு பயனாளருக்கும் முழு இயந்திரத்தின் ஒரு பிரதியையே காட்டிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அது சிபி-67 ஆகி, 1972 ஆகஸ்டில் விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டது. இன்றைக்கும் அதன் வாரிசு இசட்/விஎம் என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது.

இதில் நம்மூருக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. சென்னை ஐஐடிக்கு 1973-ல் ஒரு ஐபிஎம் 370/155 வந்தது. அந்தக் காலத்து மாணவர்கள் துளை அட்டைக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் 155 என்ற அந்த மாடல் முதலில் வெளிவந்தபோது, விஎம்/370 ஓடுவதற்குத் தேவையான முகவரி மாற்றும் வன்பொருள் அதில் கிடையாது. வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து ஒரு பெட்டி வாங்கிச் சேர்க்க வேண்டும். 155-ஐயும் 165-ஐயும் அப்போதுதான் வாங்கியிருந்த வாடிக்கையாளர்கள் உலகம் முழுக்கக் கடுப்பானார்கள். ஒரு பொருளை விற்றுவிட்டு, அதை முழுசாகப் பயன்படுத்த இன்னொன்றை விற்கும் வழக்கம் இந்தத் துறையில் எத்தனை பழசு, பாருங்கள்.

அந்நியச் செலாவணிச் சட்டம் போட்ட நிபந்தனைகளுக்கு உடன்படாமல் 1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டே வெளியேறியது. அவர்கள் விட்டுப்போன இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சிஎம்சி-க்கு வந்தது. விற்றவன் போய்விட்டாலும் இயந்திரத்தை ஓட்டத்தான் வேண்டும் என்ற பாடத்தை நம் ஆட்கள் அப்போதே படித்துவிட்டார்கள். 1992-ல் ஐபிஎம் டாடாவோடு கூட்டுச் சேர்ந்து திரும்பி வந்தபோது, வந்து இறங்கிய ஊர் பெங்களூர்.

கம்பி வந்தது, கை வரவில்லை

பெங்களூர் ஏன்? அந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதனால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1970-களின் கடைசியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ், ஆர். கே. பாலிகாவின் முயற்சியில், ஓசூர் சாலையில் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களின் நிலத்தில் எலக்ட்ரானிக் சிட்டியை உருவாக்கியது. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (அதன் தலைமையகம் நான் இப்போது இருக்கும் இதே டாலஸ்) பெங்களூரில் கடை விரித்து, சொந்தமாக செயற்கைக்கோள் இணைப்பு வைத்துக்கொண்டது. 1991-ல் எஸ்டிபிஐ வந்தது. சிறு நிறுவனங்களும் டிஷ் ஆன்டெனா வழியாக வெளிநாட்டுக்கு மென்பொருள் அனுப்ப வழி பிறந்தது.

ஆனால் கம்பி வழியாக ப்ரோகிராமை அனுப்பலாம், சர்வரை எப்படிக் கவனிப்பது? சிகாகோவில் ஒரு சர்வர் தொங்கிப்போனால், யாராவது நேரில் போய் பவர் பட்டனை அழுத்த வேண்டும். புது சர்வர் வேண்டுமென்றால் ஆர்டர் போட்டு, ஆறு வாரம் காத்திருந்து, ரேக்கில் ஏற்றி, சிடியைச் செருக வேண்டும். ப்ரோகிராம் எழுதும் வேலை பெங்களூருக்குப் பறந்து வந்த அந்தப் பதினைந்து வருஷமும், டேட்டா சென்டரில் நிற்கும் வேலை பெரும்பாலும் அங்கேயே நின்றதற்குக் காரணம் இந்தக் கைதான்.

கையை வெட்டிவிட்டது விஎம்வேர். 1998-ல் டயான் கிரீன், மெண்டல் ரோசன்பிளம், எட்வார்ட் பூன்யோன், ஸ்காட் டெவைன், எட்வர்ட் வாங் ஆகிய ஐந்து பேர் தொடங்கிய நிறுவனம். நம் மேசை மேல் இருக்கும் எக்ஸ்86 சிப்புக்கு விர்ச்சுவலைசேஷன் ஒத்து வராது என்பதுதான் அதுவரை பொதுவான நினைப்பு. ஒரு சிப்பை ஒழுங்காகப் பங்கு போட வேண்டுமென்றால் அது எப்படி இருக்க வேண்டும் என்று போப்பெக், கோல்ட்பர்க் இருவரும் 1974-லேயே ஒரு இலக்கணம் எழுதி வைத்திருந்தார்கள். எக்ஸ்86 அந்த இலக்கணத்தில் ஃபெயில். விஎம்வேர்காரர்கள் வம்பு செய்யும் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதி அந்தச் சிக்கலைத் தாண்டினார்கள். சிப்பிலேயே அதற்கான வசதி, இன்டெலில் 2005-லும் ஏஎம்டியில் 2006-லும்தான் வந்தது.

1999-ல் மேசைக் கணினிக்கு, 2001-ல் சர்வருக்கு. ஆனால் என்னைக் கேட்டால் முக்கியமான வருஷம் 2003. அந்த வருஷம்தான் விர்ச்சுவல் சென்டர் வந்தது. நூறு சர்வர்களை ஒரே திரையில் பார்க்கலாம். எந்த வி.எம்.மையும் ஆன் செய்யலாம், நிறுத்தலாம், நகலெடுக்கலாம். கூடவே வி-மோஷன் என்று ஒரு மாயம். ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்.மை அணைக்காமலே ஒரு நிஜ சர்வரிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போடலாம்.

பவர் பட்டன் திரைக்குள் வந்துவிட்டது. இனி அதை அழுத்தும் விரல் எந்த ஊரில் இருந்தால் என்ன? சம்பளம் குறைவான ஊரில் இருந்தால் இன்னும் நல்லது. ரிமோட் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மேனேஜ்மென்ட் என்ற பெயரில் இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டு டேட்டா சென்டர்களை வெறும் கன்சோல் வழியாக ஓட்ட ஆரம்பித்தன. 2007-ல் விப்ரோ சுமார் 60 கோடி டாலர் கொடுத்து இன்ஃபோகிராசிங் என்ற அமெரிக்க டேட்டா சென்டர் நிறுவனத்தையே வாங்கும் அளவுக்கு அந்தத் தொழில் வளர்ந்தது. இன்னொரு பக்கம், விஎம்வேரே பெங்களூரில் பொறியாளர்களைச் சேர்த்து, பன்னேர்கட்டா ரோட்டுப் பக்கம் பெரிய ஆராய்ச்சி மையம் நடத்தியது. நோட்டைத் தயார் செய்கிறவர்களும் அதில் எழுதுகிறவர்களும் ஒரே ஊரில், ஒரே டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நோட்டு தயாரிக்கும் தொழில் சென்னையிலும் நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் ஊர்ப்பாசம் இல்லாதவன் ஆகிவிடுவேன். இன்றைய ஸோஹோ 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது, அவர்கள் விற்றது நெட்வொர்க்கை மேலாண்மை செய்யும் மென்பொருளுக்கான கருவிகள்தான். அவர்களுடைய மேனேஜ்எஞ்சின் இன்றைக்கும் அந்த வழியில் வந்தது.

கொசுவத்தி: 2006

இங்கேதான் நான் வருகிறேன். மடிவாளாவிலிருந்து கம்பெனி டெம்போவில் சாயந்திரம் கிளம்பி, சில்க் போர்டு சிக்னலில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் எலக்ட்ரானிக் சிட்டி வந்திருக்கும். (மேம்பாலம் திறந்தது 2010-ல்தான்.) ராத்திரி முழுக்க அமெரிக்காவில் இருந்த ஒரு வாடிக்கையாளரின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினான்கு பேர் கொண்ட டீம். பெயர்கள் வேண்டாம்.

வாடிக்கையாளருக்கு ஒரு வி.எம். வேண்டுமென்றால் டிக்கெட் வரும். அதை எடுத்ததும் செய்ய வேண்டியவை: ஒப்புதல் மெயில் இருக்கிறதா என்று தேடுவது, எக்செல் ஷீட்டில் காலியான ஒரு ஐபி முகவரியைக் கண்டுபிடிப்பது, எந்த நிஜ சர்வரில் மெமரி மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது, டெம்ப்ளேட்டிலிருந்து நகலெடுப்பது, பெயர் வைப்பது, டிஎன்எஸ்ஸில் சேர்ப்பது, ஆன்டிவைரஸ், பேக்கப், மானிட்டரிங் மூன்றையும் நிறுவுவது, சொத்துப் பதிவேட்டில் ஏற்றுவது, மெயில் அனுப்பிவிட்டு டிக்கெட்டை மூடுவது. இதில் டிஎன்எஸ் ஒரு டீம், பேக்கப் வேறு டீம், ஃபயர்வால் மூன்றாவது டீம். கணினி செய்யும் வேலை இருபது நிமிஷம்தான், மனிதர்களுக்காகக் காத்திருப்பது மூன்று நாள். அப்படியும் பழைய ஆறு வாரத்தோடு ஒப்பிட்டால் ராக்கெட் வேகம் என்று வாடிக்கையாளருக்குப் புல்லரித்தது.

வி-மோஷனை முதல்முறை பார்த்த ராத்திரி இன்னும் நினைவிருக்கிறது. ஒரு ஜன்னலில் பிங் ஓடவிட்டு, இன்னொரு ஜன்னலில் வி.எம்.மை வேறு சர்வருக்கு மாற்றினோம். உள்ளே நடப்பது இதுதான்: முதலில் மெமரி முழுவதையும் அந்தப் பக்கம் நகலெடுக்கும். அதற்குள் இந்தப் பக்கம் மாறிப்போன பக்கங்களை மட்டும் மறுபடி நகலெடுக்கும். மிச்சம் கொஞ்சமாக வந்ததும் கண் சிமிட்டும் நேரம் நிறுத்தி, அந்தப் பக்கத்தில் எழுப்பிவிடும். எங்களுக்கு ஒரே ஒரு பிங் விழுந்தது. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு கம்ப்யூட்டர் உயிரோடு இடம் மாறியதற்கு அத்தாட்சி, அந்த ஒற்றை வரி. டீமே எழுந்து நின்று கைதட்டியது. ஹும், சின்ன வயசு.

எங்கள் டீமில் ராய்ச்சூர்க்காரர் ஒருவர் இருந்தார். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், எல்லாருக்கும் 'அண்ணா'. எக்செல் ஷீட்டைத் திறக்காமலே எந்த ஐபி யாருடையது என்று சொல்லுவார். "அந்த ரெண்டு வி.எம்.மை ஒரே சர்வர்ல வைக்காதே, ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தாங்கணும்." "மாசக் கடைசி மூணு நாள் அந்த வரிசை மேல கை வைக்காதே, சம்பளம் ஓடும்." இதெல்லாம் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வருஷக்கணக்காக அடி வாங்கி அவர் தலைக்குள் சேர்ந்தது.

நோட்டு தானாக எழுதத் தொடங்கியது

வி.எம். செய்வது சுலபமானதும் என்ன ஆகும்? கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து, எண்ணிக்கை பெருகியது. யார் கேட்டது, எதற்குக் கேட்டது என்பது மறந்துபோய், சும்மாவே ஓடிக்கொண்டிருக்கும் அனாதை வி.எம்.கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. உலகம் முழுக்க இதே பாடு. கையால் நிர்வகித்துக் கட்டாது என்றானதும் பெரிய நிறுவனங்கள் இந்தப் பக்கம் பாய்ந்தன. 2007-ல் ஹெச்பி 160 கோடி டாலருக்கு ஆப்ஸ்வேரை வாங்கியது. 2008-ல் பிஎம்சி 80 கோடி டாலருக்கு பிளேட்லாஜிக்கை வாங்கியது. விஎம்வேர் 2007-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த டியூன்ஸ் என்ற சின்ன நிறுவனத்தை வாங்கி, அதன் மென்பொருளை வி-சென்டர் ஆர்க்கெஸ்ட்ரேட்டர் ஆக்கி 2009-ல் வெளியிட்டது. பின்னாளில் அது எத்தனை முறை பெயர் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். கட்டம் கட்டமாக ஒரு ஒர்க்ஃப்ளோ வரைய வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். ஒன்று முடிந்ததும் அம்புக்குறி வழியே அடுத்தது. தோற்றால் வேறு அம்புக்குறி.

2010-ல் எங்கள் டேமேஜர் என்னைக் கூப்பிட்டு, அந்த ஒர்க்ஃப்ளோவை எழுதும் பொறுப்பைக் கொடுத்தார். எனக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியும் என்பதுதான் தகுதி. நான் போய் நின்ற இடம் ராய்ச்சூர் அண்ணாவின் நாற்காலிப் பக்கம். இரண்டு மாதம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செய்வதை ஒவ்வொன்றாகக் கேட்டு கட்டமாக வரைந்தேன். அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. நான் எதைச் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "பரவாயில்ல, எழுது. நான் போனாலும் இது இருக்கட்டும்" என்றார் ஒரு நாள், டீ குடிக்கும்போது.

ஒர்க்ஃப்ளோ ஓட ஆரம்பித்தது. மூன்று நாள் வேலை நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. எனக்கு ஒரு பரிசுக் கூப்பனும் கண்ணாடி நினைவுப் பரிசும் கொடுத்தார்கள். அடுத்த ஆறு மாதத்தில் பதினான்கு பேர் டீம் ஐந்து பேர் ஆனது. யாரையும் வேலையை விட்டுத் தூக்கவில்லை, வேறு ப்ராஜக்ட் என்றார்கள். சிலருக்குக் கிடைத்தது. ராய்ச்சூர் அண்ணா சில மாதம் பெஞ்சில் இருந்துவிட்டு ராஜினாமா செய்தார்.

கதை அங்கே முடியவில்லை. அனாதை வி.எம்.களைத் தானாகவே ஒழிக்க, "அறுபது நாள் யாரும் லாகின் செய்யாத வி.எம்.மை நிறுத்து, இன்னும் முப்பது நாள் கழித்து அழி" என்று ஒரு கிளை சேர்த்திருந்தேன். நிறைய இடம் மிச்சமானது, பாராட்டு வந்தது. ஒரு நாள் வருஷக் கணக்கு முடிக்கும் சமயத்தில் வாடிக்கையாளரிடமிருந்து போன். வருஷத்தில் ஒரே ஒரு வாரம் மட்டும் தேவைப்படும் ஒரு சர்வரைக் காணோம். என் ஒர்க்ஃப்ளோ ஒழுங்காக, சட்டப்படி, லாக் எல்லாம் எழுதி, அதை அழித்திருந்தது. பேக்கப் டேப்பிலிருந்து மீட்க இரண்டு நாள் ஆனது. டீமில் யாருக்கும் அந்த சர்வர் எதற்கு என்றே தெரியவில்லை. ராய்ச்சூர் அண்ணாவுக்குப் போன் போட்டேன். "அது வரி கணக்கு சர்வர்ப்பா, வருஷத்துக்கு ஒரு தடவதான் திறப்பாங்க. நீ கேக்கல, எனக்கும் அப்போ ஞாபகம் வரல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் ரொம்ப உறுத்தியது.

ஓனர்கள் பெருகினார்கள்

நிற்க. நான் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் நோட்டுக்குப் போட்டியாளர்கள் வந்துவிட்டார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலையில் 2003-ல் பிறந்த சென், அமேசான் 2006-ல் தொடங்கிய ஈசி2 சேவைக்கு அடித்தளம் ஆனது. 2007-ல் கேவிஎம் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டதால் ஹைப்பர்வைசர் என்பது இலவசச் சரக்கு ஆனது. கட்டில் இலவசமானால் மதிப்பு முழுக்க நோட்டுக்குத்தானே? 2010 ஜூலையில் ராக்ஸ்பேஸும் நாசாவும் சேர்ந்து ஓப்பன்ஸ்டாக்கை வெளியிட்டன. கிளவுட்.காம் நிறுவனத்தை 2011-ல் வாங்கிய சிட்ரிக்ஸ், அதன் கிளவுட்ஸ்டாக்கை 2012-ல் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது.

இத்தனை கருவி இருந்தும் திட்டம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு பெங்களூரே ஒரு சாட்சி. 2014 அக்டோபர் 6, ஃப்ளிப்கார்ட்டின் முதல் பிக் பில்லியன் டே. பத்து மணி நேரத்தில் 600 கோடி ரூபாய் வியாபாரம். ஆனால் தளம் திணறியது, ஆர்டர்கள் ரத்தாயின, மக்கள் திட்டித் தீர்த்தார்கள். மறுநாள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட 5,000 சர்வர்கள் நிறுத்தியிருந்தோம், இருபது மடங்கு கூட்டத்துக்குத் தயாராக இருந்தோம், அதுவும் போதவில்லை என்று அதில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பெட்டி எத்தனை இருந்தாலும், கூட்டம் எப்போது எந்தக் கதவில் முட்டும் என்பதை யாராவது முன்கூட்டி யோசிக்க வேண்டியிருக்கிறது. அதே 2014-ல்தான் கூகுள் குபர்நெட்டிஸை வெளியிட்டது. சர்வரை எண்ணாமல் "இந்தச் சேவை எப்போதும் இத்தனை பிரதி ஓட வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிடும் முறை. என் கட்டங்களும் அம்புக்குறிகளும் பழைய பாணி ஆகிவிட்டன.

வீடு கை மாறியது

கடைசிக் காட்சிக்கு வருவோம். விஎம்வேர் 2004-ல் இஎம்சி கைக்குப் போய், 2016-ல் டெல் கைக்குப் போய், 2021-ல் தனியாகி, 2023 நவம்பர் 22-ல் பிராட்காம் கைக்கு வந்தது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கினால் காலம் முழுக்கப் பயன்படுத்தும் உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. இனி எல்லாம் சந்தா. தனித்தனியாக விற்ற பொருள்கள் சில பெரிய தொகுப்புகளாகச் சுருங்கின.

இங்கே டாலஸைத் தலைமையகமாகக் கொண்ட ஏடி அண்ட் டி, 2024 ஆகஸ்டில் பிராட்காம் மேல் வழக்குப் போட்டது. பழைய உரிமங்களுக்கான பராமரிப்பை ஒப்பந்தப்படி நீட்டிக்க மறுக்கிறார்கள் என்பது அவர்கள் புகார். சுமார் 8,600 சர்வர்களில் 75,000 வி.எம்.கள் ஓடுவதாக அந்த மனுவில் சொல்லியிருந்தார்கள். பிராட்காம் அதை மறுத்தது. நவம்பரில் இரு தரப்பும் சமரசம் ஆகிவிட்டன. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. எனக்குப் பட்டது வேறு. 75,000 வி.எம்.மை ஒரு ஹைப்பர்வைசரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வழி தெரியாமல் இல்லை. வட்டுக் கோப்பை மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கஷ்டம் என்னவென்றால், அந்த வி.எம்.களைச் சுற்றி இருபது வருஷமாக எழுதி வைத்த ஒர்க்ஃப்ளோக்கள், பேக்கப் ஏற்பாடுகள், ஒப்புதல் வழிகள், எல்லாம் அந்த ஒரு நோட்டின் பாஷையில் இருக்கின்றன. கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், நோட்டைப் பெயர்த்து எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தால், இந்தக் கட்டம் ஏன் இப்படி இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. எழுதியவன் எங்கேயோ டாலஸில் உட்கார்ந்துகொண்டு பதிவு எழுதிக்கொண்டிருப்பான் :-)

இப்போது கேவிஎம், கிளவுட்ஸ்டாக், ஓப்பன்ஸ்டாக் பக்கம் மறுபடி கூட்டம் சேர்கிறது. எதற்குப் போனாலும், போகும் வழியில் இந்த மொழிபெயர்ப்பு வேலை காத்திருக்கிறது. 1978-ல் விற்றவன் கிளம்பிப் போனபோது சிஎம்சி ஆட்களால் இயந்திரங்களை ஓட்ட முடிந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட கைகள் ஊரில் இருந்ததுதான் காரணம்.

நேற்று அந்தப் பையன் சாட்டில் வந்தான். அவன் டீமிலும் ஏதோ மாற்றல் வேலை ஆரம்பித்திருக்கிறார்களாம். பழைய ஒர்க்ஃப்ளோ நூற்றுப்பத்து இருக்கிறது, எல்லாவற்றையும் புதிதில் எழுத வேண்டும், எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டான்.

"உங்க டீம்லயே ரொம்ப வருஷமா இருக்கறவர் யாரு?" என்றேன்.

"ஒருத்தர் இருக்கார்ணே, மார்ச்சுல ரிலீவ் ஆகறார்."

"அவர் பக்கத்துல சேரைப் போட்டு உக்காரு. ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி 'இது ஏன்'னு கேளு. அவர் சொல்றத அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துலயே எழுது. வருஷத்துக்கு ஒரு தடவ மட்டும் திறக்கற சர்வர் ஏதாவது இருக்கான்னு மறக்காம கேளு."

"அதென்னண்ணே அது?"

அதற்குத்தான் இந்தப் பதிவு, தம்பி. பொறுமையாகப் படித்துவிட்டுப் போன் பண்ணு. உங்கள் ஊர் நேரம் காலை ஏழு மணிக்கு முன்னால் பண்ணு, அப்புறம் நான் தூங்கப் போய்விடுவேன்.